சட்டகமின்றி அமையும் வழிகாட்டிப் பட்டி

ஜார்ஜ்டவுன் நகரின் பழைய பகுதியில் லெபோ பாசார் என்றொரு தெரு உண்டு. ஆங்கிலேயர் அதனை மார்க்கெட் ஸ்திரீட் என்றனர். பினாங்குத் தமிழர் கடைத்தெரு என்றே வழங்கி வந்தனர். ஊரறிந்தவர்க்கு மூன்றும் ஒன்றே. ஆனால், ஒரு முனையில் ஒரு பெயரும் மறு முனையில் வேறொரு பெயரும் மட்டுமே எழுதப்பட்டிருந்தால், புதிதாக வருபவர் ஒரே தெருவை இரண்டெனக் கருதி மயங்குவார். இணையத்தளத்துக்கு வருவோருள் பலரும் அவ்வாறு புதியவர்களே. அவர்களுக்குப் பெயர்ப்பலகையாக நிற்பது வழிகாட்டிப் பட்டி. அது எல்லாப் பக்கங்களிலும் ஒரே இடத்தில், ஒரே வரிசையில், ஒரே சொற்களில் அமைவது எவ்வாறு என்பதை இங்கே விளக்குவோம்.

கையால் படியெடுத்தல்

ஒரு பக்கத்தில் எழுதிய பட்டியைப் பிற பக்கங்களிலும் படியெடுத்து ஒட்டுவதே யாவர்க்கும் முதலில் தோன்றும் வழி. ஐந்து பக்கங்கள் உள்ள தளத்துக்கு இது போதும். பக்கங்கள் நாற்பதாகப் பெருகியபின், 'நூலகம்' என்னும் ஓர் இணைப்பைச் சேர்க்க நாற்பது கோப்புகளையும் திறந்து திருத்த வேண்டும். அவற்றுள் இரண்டு மூன்று விடுபட்டுப்போவது இயல்பு. ஏட்டுச்சுவடிகளைக் கைமாற்றிக் கைமாற்றிப் படியெடுத்தபோது பாடவேறுபாடுகள் தோன்றியதும் இவ்வாறே. மூலம் ஒன்றாக இராமல் பலவாகப் பெருகுவதே இக்குறையின் வேர்.

சட்டகம் தந்த தீர்வும் குறையும்

1996ஆம் ஆண்டில் வெளிவந்த நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0 உலாவி இதற்கொரு வழி காட்டியது. திரையைச் சட்டகங்களாகப் பிரித்து, இடப்பக்கத்தில் பட்டியை நிலையாக நிறுத்தி, வலப்பக்கத்தில் மட்டும் பக்கங்களை மாற்றிக் காட்டலாயிற்று. தொலைபேசிக் கம்பி வழியே இணையம் மெல்ல வந்து சேர்ந்த காலத்தில், பட்டியை ஒருமுறை மட்டும் இறக்கினால் போதும் என்பது பெருநன்மை. 1997 டிசம்பரில் எச்.டி.எம்.எல். 4.0 தரமும் சட்டகத்தை ஏற்றுக்கொண்டது.

ஆயினும், ஒரு பக்கத்துக்கு ஒரு முகவரி என்னும் இணையத்தின் அடிப்படையைச் சட்டகம் குலைத்தது. வலப்பக்கத்தில் எத்தனை கட்டுரைகள் மாறினாலும், மேலே தோன்றும் முகவரி மாறுவதில்லை. ஆசிரியர் ஒருவர் ஒரு பாடத்தின் முகவரியைப் படியெடுத்து மாணவர்க்கு அனுப்பினால், அவர்கள் சென்று சேர்வது முகப்புப் பக்கத்தையே. தேடுபொறி வழியாக வருபவர்க்கோ இதற்கு நேர்மாறான இடர். பாடம் கிடைக்கும், அதைச் சூழ்ந்திருந்த சட்டகம் கிடைக்காது. பட்டியில்லாத அப்பக்கத்திலிருந்து மேலே செல்ல வழியின்றி அவர் திரும்பிவிடுவார். பயன்பாட்டியல் அறிஞர் யாக்கோபு நீல்சன் 1996 டிசம்பரிலேயே இக்குறைகளை எடுத்துரைத்தார். 2014இல் நிறைவுற்ற எச்.டி.எம்.எல். 5 தரம், பக்கத்தைச் சட்டகங்களாகப் பிரிக்கும் குறிகளை வழக்கொழிந்தவை என ஒதுக்கிவிட்டது.

ஒருமுறை எழுதி, எங்கும் சேர்த்தல்

சட்டகத்தின் நன்மையை இழக்காமல் அதன் குறையைக் களையும் முறை எளியது. பட்டியைத் தனிக்கோப்பாக ஒருமுறை மட்டும் எழுதிவைக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்திலும் 'இவ்விடத்தில் அக்கோப்பைச் சேர்க்க' என ஒரு வரி இருக்கும். படிப்பவர் பக்கத்தைக் கேட்கும்போது, வழங்கிக் கணினி இரண்டையும் இணைத்து முழுப்பக்கமாக அனுப்பும். பி.எச்.பி. போன்ற நிரல்மொழிகளில் இதற்கு ஒற்றை வரியே போதும். வழங்கியில் அவ்வசதி இல்லையெனில், நம் கணினியிலேயே வார்ப்புருவைக் கொண்டு எல்லாப் பக்கங்களையும் ஆக்கி, பின்னர் ஏற்றலாம். ஜாவாஸ்கிரிப்ட் நிரலால் உலாவியிலேயே பட்டியைச் சேர்ப்பதும் உண்டு. ஆனால், அந்நிரல் இயங்காத இடத்தில் பட்டியே தோன்றாது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இம்முறையின் ஆற்றலைத் தமிழில் காண விரும்புவோர் தமிழ் விக்கிப்பீடியாவை நோக்கலாம். 2003இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியம் 2017இல் ஒரு இலட்சம் கட்டுரைகளைக் கடந்தது. அத்தனை பக்கங்களுக்கும் உரிய வழிகாட்டிப் பட்டி ஒரே இடத்தில் எழுதிவைக்கப்பட்டுள்ளது. அங்கே ஒரு சொல்லைத் திருத்தினால் எங்கும் திருந்தும். கட்டுரைகளின் அடியில் இடம்பெறும் வழிகாட்டிப் பெட்டிகளும் 'வார்ப்புரு' என்னும் பெயரில் தனித்தனியே எழுதப்பட்டவை. மலேசியாவின் 13 மாநிலங்களையும் 3 கூட்டரசுப் பிரதேசங்களையும் தொகுக்கும் ஒரு பெட்டியை ஒருமுறை எழுதினால், பினாங்கு, கெடா, பேராக் என எக்கட்டுரையிலும் அதனைச் சேர்க்கலாம். இங்குச் சட்டகம் எதுவுமில்லை. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனி முகவரி உண்டு.

சொல்லும் மாறாதிருத்தல்

கோப்பு ஒன்றாயினும் சொற்கள் பலவாயின் பயனில்லை. பட்டியில் 'முகப்பு' என்றும், பக்கத்தின் அடியில் 'முதற்பக்கம்' என்றும், வேறோரிடத்தில் 'தொடக்கம்' என்றும் எழுதுதல் கடைத்தெருவின் மூன்று பெயர்களைப் போன்றதே. தமிழில் கணினிக் கலைச்சொற்கள் பல வடிவங்களில் வழங்குவதால், நாம் இதில் கூடுதல் கருத்துடன் இருத்தல் வேண்டும். எச்சொல்லையும் தேர்ந்தெடுக்கலாம், தேர்ந்தபின் மாற்றலாகாது. 2008 டிசம்பரில் வெளியான இணைய உள்ளடக்க அணுகுதன்மை வழிகாட்டுதல் 2.0 இவ்விரண்டையும் தனித்தனி விதிகளாக வகுத்துள்ளது: பல பக்கங்களில் வரும் இணைப்புகள் ஒரே வரிசையில் வரவேண்டும், ஒரே பணியைச் செய்பவை ஒரே வகையில் பெயர்பெற வேண்டும். திரைவாசிப்பான் துணையுடன் பக்கத்தைச் செவியால் கேட்கும் பார்வையற்றோர்க்கு, வரிசை மாறுவது வீட்டுக்குள் வாசலை இடம் மாற்றிவைப்பதற்கு ஒப்பாகும்.

நம் பள்ளிகளுக்கு இதனால் ஆவது என்ன? மலேசியத் தமிழ்க்கல்வியின் வரலாறு, 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து கணக்கிடப்படுகிறது. இரு நூற்றாண்டு கடந்த அவ்வரலாற்றின் ஆண்டுமலர்களும் நிழற்படங்களும் கட்டுரைகளும் இணையத்தில் ஏறும்போது, அவற்றைத் தேடிவரும் மாணவர் முகப்பு வழியாக வருவார் என்பதற்கு உறுதியில்லை. எந்த உட்பக்கத்தில் இறங்கினாலும், தாம் எங்கே இருக்கிறோம், அடுத்து எங்கே செல்லலாம் என்பதை அவர் அறிய வேண்டும்.

ஆதலின், தளம் அமைக்கும் மாணவர்க்கு ஆசிரியர்கள் மூன்று சோதனைகளைப் பணிக்கலாம். உட்பக்கம் ஒன்றின் முகவரியை வேறொரு கணினியில் இட்டுப் பட்டி தோன்றுகிறதா எனக் காண்க. பட்டியில் ஒரு சொல்லை மாற்றி, எத்தனை கோப்புகளைத் திறக்க நேர்ந்தது என எண்ணுக. விடை ஒன்றாதல் வேண்டும். பின்னர், தளத்தை இதற்குமுன் காணாத ஒருவரை அழைத்து, ஓர் உட்பக்கத்திலிருந்து பள்ளி வரலாற்றுக்குச் செல்லச் சொல்லி, வாய்திறவாமல் அருகிலிருந்து நோக்குக. அவர் எங்கே தயங்குகிறாரோ, அங்கே திருத்தம் தொடங்க வேண்டும்.