எந்தப் பட்டியலில் எழுதுவது?



நவம்பர் பிறக்கும் முன்பே பங்கு அலுவலகத்திற்குப் பெயர்ப் பட்டியல்கள் வரத் தொடங்கிவிடும். கல்லறைத் திருநாள் திருப்பலியில் நினைவுகூர வேண்டிய இறந்தோரின் பெயர்களைக் குடும்பத்தார் எழுதிக் கொடுப்பது நம் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன், பெரம்பலூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நாம் பணியாற்றியபோது, ஒரு தாய் அப்படியொரு தாளை நீட்டினார். அதில் மூன்று பெயர்கள். நான்காவதாக ஒரு பெயர் எழுதப்பட்டு, அடிக்கப்பட்டிருந்தது. யார் என்று கேட்டோம்.

“எங்க வீட்டுக்காரரு, சாமி. திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு போனவரு. ஆறு வருசமாச்சு. எழுதுனா செத்துட்டாருன்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். எழுதாம விட்டா, ஒருவேளை செத்துப் போயிருந்தா அவருக்குன்னு செபிக்க ஒருத்தரும் இல்லையேன்னு மனசு அடிச்சுக்குது.”

நம்மிடம் உடனே பதில் இல்லை. அன்று நாம் ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினோம். பிறகுதான் தேடிப் படித்தோம். அப்படிக் கற்றதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

நம் இரு மாவட்டங்களிலும் பெரும்பகுதி வானம் பார்த்த பூமி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் பெரம்பலூர்ப் பக்கம். முந்திரியும் சுண்ணாம்புக்கல் சுரங்கமும் அரியலூர்ப் பக்கம். மழை பொய்த்தால் திருப்பூருக்கும் சென்னைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் ஆட்கள் புறப்படுகிறார்கள். பெரும்பாலோர் திரும்புகிறார்கள். சிலர் கடனுக்கு அஞ்சி முகம் காட்டுவதில்லை. சிலர் மனநோயாலோ முதுமையின் மறதியாலோ வழி தவறிப் போகிறார்கள். சென்னையில் 1993இல் தொடங்கப்பட்ட ‘தி பான்யன்’ போன்ற இல்லங்களில், பெயர்கூடச் சொல்ல முடியாத நிலையில் சேர்க்கப்பட்டவர்கள், சிகிச்சைக்குப் பின் ஊர்ப் பெயரைச் சொல்லி வீடு திரும்பியிருக்கிறார்கள். ஆகவே பல ஆண்டு ஆகிவிட்டது என்பதற்காக “இனி வரமாட்டார்” என்று அக்கம்பக்கத்தார் தீர்ப்புச் சொல்ல உரிமையில்லை.

அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், வியட்நாம் போரில் காணாமல் போன விமானிகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர். இறப்பு என்றால் அழுது, அடக்கம் செய்து, மெல்ல எழுந்து விடலாம். ஆனால் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்பது அவர் கண்டறிந்தது. அந்தத் தாய் பெயரை எழுதி அடித்ததன் பொருள் இதுதான்.

அரியலூர் மண்ணுக்கு இது பழைய காயமும்கூட. 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடி சென்ற விரைவு இரயில், அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தில் வெள்ளத்திற்குள் விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நாம் இன்றும் பெருமையாகப் பேசுகிறோம். ஆனால் வெள்ளம் அடித்துச் சென்ற எல்லாருடைய உடலும் கிடைக்கவில்லை என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அடக்கம் செய்ய ஒன்றுமில்லாத வீடுகள் எத்தனை இருந்திருக்கும்!

இனி, செய்ய வேண்டியதைப் பார்ப்போம். அந்தத் தாயின் கணவர் காணாமல் போனபோது, உள்ளூர்க் காவல் நிலையத்தில் “வந்துருவாரு, போம்மா” என்றார்களாம். வேலைக்குப் போன ஊரில் கேட்டால், “உங்க ஊர்ல போய்க் குடுங்க” என்றார்களாம். கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதுகூட இல்லாமல் ஆறு ஆண்டுகள் ஓடிவிட்டன. இருபத்து நான்கு மணி நேரம் பொறுத்துத்தான் புகார் கொடுக்க வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படிச் சட்டம் எதுவும் இல்லை. காணாமல் போனவர் குழந்தை என்றால், கடத்தல் எனக் கருதி உடனே முதல் தகவல் அறிக்கை பதிய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத்தில் ஆணையிட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின்படி, குற்றம் நடந்ததாகச் சந்தேகம் இருந்தால், எல்லை எதுவானாலும் எந்தக் காவல் நிலையமும் புகாரைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். குழந்தைகளுக்கு 1098, அவசரத்திற்கு 112 என்ற எண்களை வீட்டுச் சுவரிலேயே எழுதி வையுங்கள்.

தாமதம் எவ்வளவு கொடியது என்பதற்கு வெளியூர் உதாரணம் தேவையில்லை. 2016 டிசம்பர் இறுதியில் அரியலூர் மாவட்டத்தில் காணாமல் போன தலித் சிறுமி ஒருத்தி, 2017 சனவரியில் கிணற்றில் பிணமாகக் கண்டெடுக்கப்பட்டாள். புகார் கொடுத்தவுடன் தேடவில்லை என்பதே குடும்பத்தாரின் குமுறல். பெண் பிள்ளை காணவில்லை என்றால் “யாரோடயாவது போயிருக்கும்” என்று சொல்லும் வாய்கள் காவல் நிலையத்தில் மட்டும் இல்லை. நம் அன்பியக் கூட்டங்களிலும் உண்டு.

அடுத்து, ஏழாண்டுக் கணக்கு. ஒருவர் உயிரோடிருந்தால் இயல்பாக யாருக்குச் செய்தி தெரிந்திருக்குமோ, அவர்களுக்கே ஏழு ஆண்டுகளாக ஒரு தகவலும் இல்லையென்றால், அவர் உயிரோடிருப்பதாகச் சொல்பவரே அதை நிரூபிக்க வேண்டும் என்கிறது நம் நாட்டுச் சாட்சியச் சட்டம். பழைய சட்டத்தில் 108ஆம் பிரிவு. இப்போது 111ஆம் பிரிவு. இது தானாக நடப்பதில்லை. உரிமையியல் நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற வேண்டும். எப்போது இறந்தார் என்பதைச் சட்டம் ஊகிப்பதும் இல்லை. இதனால்தான், காணாமல் போனவரின் ஆயுள் காப்பீட்டுக்குத் தவணை கட்டாமல் விட்ட ஒரு குடும்பத்திற்குப் பணம் கிடைக்காது என்று 2004இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே காப்பீடு இருந்தால் தவணையை நிறுத்தாதீர்கள்.

இலங்கையில் காணாமல் போனோர் பல்லாயிரம். அங்கே 2016 முதல், இறப்புச் சான்றிதழ் வேண்டாம் என்போர்க்கு, ‘காணவில்லை’ என்பதற்கே தனிச் சான்றிதழ் பெறச் சட்டம் வழி செய்கிறது. காகிதம் தீர்வாகாது என்று தெருவில் அமர்ந்த தாய்மார்களும் அங்கே உண்டு. குருக்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம்பிரவுண் 2006 ஆகஸ்ட் 20 அன்று காணாமல் போனார். யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் முன்னாள் அதிபர் அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப், 2009 மே மாதம் போரின் கடைசி நாளில் சரணடைந்தவர்களோடு இருந்தார். அதன்பின் செய்தி இல்லை.

திருச்சபை என்ன சொல்கிறது? துணைவர் காணாமல் போனவர் மறுமணம் செய்ய விரும்பினால், ஏழாண்டுக் கணக்கு மட்டும் போதாது. எத்தனை நீண்ட காலமானாலும், வராமல் இருப்பது மட்டுமே இறப்புக்குச் சான்றாகாது என்கிறது திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1707ஆம் எண். சாட்சிகளையும் ஊர்ப் பேச்சையும் அடையாளங்களையும் விசாரித்து, மனத்தளவில் உறுதி பெற்ற பின்பே மறைமாவட்ட ஆயர் ‘இறந்ததாகக் கருதப்படுகிறார்’ என்று அறிவிப்பார். இது இளம் மனைவியர்க்குக் கடினமான சட்டம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் யாக்கோபை நினைத்துப் பார்ப்போம். இரத்தம் தோய்ந்த அங்கியைக் காட்டியதும் மகன் இறந்துவிட்டான் என்று நம்பினார். யோசேப்போ எகிப்தில் உயிரோடிருந்தார். தொடக்கநூல் தரும் வயதுகளைக் கூட்டிப் பார்த்தால், தந்தையும் மகனும் மீண்டும் சந்திக்க ஏறக்குறைய 22 ஆண்டுகள் ஆயின. ஒரு அங்கியை நம்பிக் கோப்பை மூடிவிடக் கூடாது என்பதே திருச்சபையின் எச்சரிக்கை. அவ்வாறு மறுமணம் கேட்டு வருவோர் தயங்காமல் பங்குத்தந்தையிடம் சொல்லுங்கள்; மறைமாவட்டத் தீர்ப்பாயம் வழியாக விசாரணை தொடங்கலாம்.

அந்தத் தாயின் கேள்விக்கு விடை, நாம் நினைத்ததைவிட எளிதாக இருந்தது. உயிரோடிருப்போர், இறந்தோர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது 901ஆம் எண். அவர் எங்கிருக்கிறார் என்பது ஆண்டவருக்குத் தெரியும். நாம் பெயரைச் சொன்னால் போதும், நிலையைச் சொல்லத் தேவையில்லை.

அடுத்த ஞாயிறே அவரை அழைத்துச் சொன்னோம். பங்கு நோட்டில் இறந்தோர் பக்கத்திற்கும் நோயாளிகள் பக்கத்திற்கும் நடுவே ஒரு பக்கத்தைத் திறந்து, ‘தேடப்படுவோர்’ என்று எழுதினோம். முதல் பெயரை அவர் தம் கையாலேயே எழுதினார். மறுவாரம் வின்சென்ட் தே பவுல் சபையினர் இருவர் அவரோடு காவல் நிலையம் சென்று புகாரைப் பதிய வைத்தார்கள். மாற்றலாகி வரும்போது அந்த நோட்டை அடுத்த பங்குத்தந்தையிடம் ஒப்படைத்தோம். அப்போது அந்தப் பக்கத்தில் ஒன்பது பெயர்கள் இருந்தன. அவற்றில் ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. அந்த இளைஞர் தவக்காலத்தில் ஒரு நாள் இரவு, கேரளத்திலிருந்து தம் தாய்க்குத் தொலைபேசியில் பேசினார்.