ரகசியம் தெரிந்த பின்னும்

ரகசியம் வெளிப்பட்ட மாயவித்தைக் கருவிக்கு மதிப்பேது என்று கேட்பவர்கள் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கையால் செய்யப்பட்ட நல்ல கருவிகளுக்கு ரகசியம் தெரிந்த பிறகுதான் மதிப்பு கூடுகிறது என்பது என் எண்ணம். மாயவித்தைக்காரர் ராபர்ட் ஹூடின் 1805இல் பிரான்சின் புளுவா நகரில் கடிகாரக்காரரின் மகனாகப் பிறந்து, தானும் அதே தொழிலைக் கற்றவர். 1845 ஜூலையில் பாரீஸில் சொந்த அரங்கைத் திறந்தார். அவருடைய ஆரஞ்சு மரம் பார்வையாளர் கண்ணெதிரே பூக்கும், காய்க்கும். பழங்களைப் பறித்துக் கூட்டத்துக்குக் கொடுப்பார், அவை நிஜப் பழங்கள். மிஞ்சிய ஒரு பழம் நான்காகப் பிளக்க, இரண்டு பட்டாம்பூச்சிகள் மேலெழுந்து, முன்பு ஒருவரிடம் வாங்கி மறைத்த கைக்குட்டையை விரித்துப் பிடிக்கும். பூக்கள் உள்ளிருந்து தள்ளப்பட்டன. நிஜப் பழங்கள் ஊசிமுனைகளில் செருகப்பட்டு இலைகளுக்குள் ஒளிந்திருந்தன. பிளக்கும் பழம் மட்டும் பொய். ரகசியம் இவ்வளவே. இதைத் தெரிந்துகொண்டதால் யாரும் அந்த மரத்தைச் செய்துவிட முடியாது. ஒவ்வோர் இலையும் தன் முறை வரும்வரை அசையாதிருந்து, பிறகு செடியின் இலைபோலவே விரிய வேண்டும். பட்டாம்பூச்சிகள் துணியைக் கிழிக்காமல் தூக்க வேண்டும். இத்தனையும் அடுத்த காட்சியிலும் பிசகாமல் நடக்க வேண்டும்.

ஹூடினின் பெயரிலிருந்தே தன் மேடைப்பெயரை எடுத்துக்கொண்ட பிற்கால மாயவித்தைக்காரர் ஹாரி ஹூடினி, அவரைத் தாக்கி 1908இல் ஒரு நூலே வெளியிட்டார். ஹூடினின் வித்தைகள் பழையவை என்பது குற்றச்சாட்டு. அதில் உண்மை இருக்கிறது. ஹூடினின் மரத்துக்கு நூறாண்டுக்கும் முன்பே லண்டனில் ஐசக் ஃபாக்ஸ் என்ற வித்தைக்காரர் ஆப்பிள் மரத்தைக் காய்க்கச் செய்து காட்டியிருந்தார். ஆனால் கடிகாரம் என்ற எண்ணம் பழையது என்பதால் நல்ல கடிகாரம் செய்தவரின் திறமை குறைந்துவிடுமா? யோசனைக்கு யார் முதல் சொந்தக்காரர் என்பது ஒரு வழக்கு, பொருளில் தெரியும் வேலைப்பாடு வேறொரு வழக்கு. ஹூடினி இரண்டையும் ஒன்றாக்கித் தீர்ப்பெழுதினார்.

வேலைப்பாடு இல்லாமலேயே பெரும்புகழ் பெற்ற கருவியும் ஹூடினிடம் இருந்தது, கனக்கும் பெட்டி. அடியில் இரும்புத் தகடு, மேடைக்குக் கீழே மின்காந்தம். 1856இல் பிரெஞ்சு அரசு அவரை அல்ஜீரியாவுக்கு அனுப்பியபோது, அங்கே பலசாலி ஒருவரால் அதைத் தூக்க முடியவில்லை. கைப்பிடி வழியாக மின்னதிர்ச்சியும் பாய்ந்தது. சமயத் தலைவர்களின் செல்வாக்கைக் குலைத்து, அடிமைப்பட்ட மக்களை மிரட்டுவதற்கே அந்தக் காட்சி. அதைச் சாதனையென்று கொண்டாட என்னால் முடியாது. அந்தப் பெட்டியின் பலமெல்லாம் பார்ப்பவரின் அறியாமையில் இருந்தது. மின்காந்தம் ஊரறிந்த பொருளானதும் அதை நிகழ்த்தும் முறையை ஹூடினே மாற்ற வேண்டிவந்தது. ஆரஞ்சு மரத்துக்கு அந்தக் கதி நேரவில்லை. சூட்சுமத்தை அறிந்தவர்களும் அதன் நகலைச் செய்துபார்க்க இன்றுவரை ஆசைப்படுகிறார்கள்.

புளுவா அரண்மனைக்கு எதிரே 1998 முதல் மாயவித்தைக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இயங்குகிறது. அங்கோ வேறெங்கோ இப்படியொரு பழைய கருவியைக் காண வாய்த்தால், முன்பக்கத்தோடு திரும்பிவிடாதீர்கள். பின்பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.