தேயிலைத் தவறணையும் ஓசோன் படையும்

பதுளையிலிருந்து புகைவண்டி அப்புத்தளையை நோக்கி ஏறுகையில் குளிர் படிப்படியாக மிகுவதை ஊவா மக்கள் நன்கறிவர். பதுளை கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 680 மீற்றர். அப்புத்தளையோ 1,400 மீற்றரைக் கடந்தது. மேலே செல்லச் செல்லக் காற்றுக் குளிரும் என்பது பொது விதி. ஆயினும் இலங்கையின் வானத்தில் 16 அல்லது 17 கிலோமீற்றர் உயரத்தில் இவ்விதி மாறுகிறது. அதற்கு மேல், ஏறக்குறைய 50 கிலோமீற்றர் வரை, உயரம் கூடக்கூட வெப்பமும் கூடும். இப்பகுதியே படைமண்டலம்.

அங்கே வெப்பத்தை உண்டாக்குவது ஓசோன். மூன்று ஒட்சிசன் அணுக்கள் கூடிய இவ்வாயு, ஞாயிற்றின் கழியூதாக் கதிர்களை உறிஞ்சிக்கொள்கிறது. தோலையும் கண்ணையும் பயிரையும் ஊறுபடுத்தும் கதிர்கள் இவை. இக்காப்பு மிக மெல்லியது. வானிலுள்ள ஓசோன் முழுவதையும் தரைமட்டத்து அமுக்கத்திற்குக் கொண்டுவந்து திரட்டினால், உலகச் சராசரியாக 3 மில்லிமீற்றர்த் தடிப்பே தேறும். நிலநடுக்கோட்டை அடுத்த இலங்கைக்கு மேல் அதனினும் குறைவு. ஏப்ரில் முற்பகுதியிலும் செப்டெம்பர் முற்பகுதியிலும் நண்பகல் ஞாயிறு பதுளைக்கு நேர் உச்சியில் நிற்கும். மலைக்காற்றின் குளிர்ச்சியை நம்பிக் கொழுந்து மலை வெயிலை இலேசாக எண்ணலாகாது.

இக்காப்பைச் சிதைத்த பொருள்களுள் ஒன்று தேயிலைத் தோட்டங்களிலேயே பயன்பட்டது என்பதைப் பலர் அறியார். தேயிலை வேரைத் தாக்கும் வட்டப்புழுக்கள் கண்ணுக்குத் தெரியாதவை. இளங்கன்றோடு மலைக்குச் சென்றுவிட்டால் அவற்றை ஒழிப்பது அரிது. ஆகவே தவறணைக்குரிய மண்ணைப் பொலித்தீன் விரிப்பால் மூடி, மெதைல் புரோமைட்டு என்னும் நச்சு வாயுவைச் செலுத்தினர். புழுக்கள் மடியும். விரிப்பை நீக்கியதும் எஞ்சிய வாயு காற்றில் கலக்கும். அதன் ஒரு பகுதி படைமண்டலத்தை எட்டி, அங்கே புரோமீன் அணுவை விடுவிக்கும். ஓசோனை அழிப்பதில் ஒரு புரோமீன் அணு ஒரு குளோரீன் அணுவைப் போல ஏறத்தாழ 60 மடங்கு வல்லது. இளந்தேயிலையைக் காத்த மருந்து, அதைப் பறிப்போரின் தலைக்கு மேலிருந்த காப்பையே அரித்தது.

குளிரூட்டிகளில் பயன்பட்ட குளோரோபுளோரோகாபன்களின் தீங்கை மொலினா, றோலண்ட் ஆகிய அறிஞர் 1974 இல் எடுத்துரைத்தனர். 1985 இல் அந்தாட்டிக்காவின் மேல் ஓசோன் பெரிதும் குறைந்திருந்தமை வெளியாயிற்று. 1987 இல் மொன்றியல் உடன்படிக்கை உருவாக, 1989 இல் இலங்கையும் அதில் இணைந்தது. மெதைல் புரோமைட்டு 1992 இல் அப்பட்டியலிற் சேர்ந்தது. வளர்முக நாடுகளுக்கு 2015 ஆம் ஆண்டு எல்லையாயிற்று. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் மாற்று வழிகளை ஆராய்ந்தது. மீள்நடுகைக்கு முன் நிலத்தில் மானாப் புல்லையோ குவாத்தமாலாப் புல்லையோ வளர்ப்பது தோட்டத்தார் அறிந்த பழைய முறை. அது மண்ணையும் தேற்றும், புழுவையும் குறைக்கும். ஆயினும் அதற்கு ஓராண்டுக்கு மேல் பொறுத்திருக்க வேண்டும். வாயுவுக்கோ சில நாட்களே போதும். தோட்டங்கள் அதனை நாடியதில் வியப்பில்லை.

குளோரோபுளோரோகாபன்கள் பல்லாண்டுகள் காற்றில் தங்குவன. மெதைல் புரோமைட்டின் சராசரி ஆயுளோ ஓராண்டிற்கும் குறைவு. அதனால் பயன்பாடு குறைந்தவுடனேயே காற்றில் அதன் அளவும் குறையத் தொடங்கிற்று. கப்பலேறும் பண்டங்களின் பூச்சி ஒழிப்புக்கு மட்டும் அதற்கு இன்னும் விலக்களிக்கப்பட்டுள்ளது.