உட்கார்ந்தபடியே கோல்ப் ஆடலாம்!

மலாக்கா ஆயர் குரோ பக்கம் போகும்போது, பச்சைப் பாய் விரித்தாற்போன்ற கோல்ப் திடலைப் பார்த்திருப்பீர்கள். "அது துரைமார் ஆட்டம், நமக்கென்ன?" என்று கடந்தும் போயிருப்பீர்கள். இடுப்புக்குக் கீழே செயலிழந்த ஒருவர், உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்த ஆட்டத்தை ஆடலாம் என்றால் நம்புவீர்களா?

அமெரிக்காவில் டென்னிஸ் வால்டர்ஸ் என்றோர் இளைஞர். கோல்ப் ஆட்டத்தையே தொழிலாகக் கொள்ள வேண்டும் என்பது அவர் கனவு. 1974-இல், 24-ஆவது வயதில், கோல்ப் வண்டி விபத்தில் அவருடைய இரண்டு கால்களும் செயலிழந்தன. அவரோ ஆட்டத்தை விடவில்லை. வண்டியில் ஒரு சுழல் இருக்கையைப் பொருத்தி, அதில் அமர்ந்தே பந்தடிக்கப் பழகினார். பிறகு ஊர் ஊராகச் சென்று 3,000 முறைக்கு மேல் மக்கள் முன் ஆடிக் காட்டினார். 2019-இல் உலக கோல்ப் புகழரங்கில் இடம் பெற்றார்.

மட்டையில் என்ன மாற்றம்?

தோட்டத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும். செம்பனை குட்டையாக இருக்கும்போது உளியால் குலை வெட்டுகிறோம். மரம் உயர்ந்துவிட்டால் நீண்ட கம்பில் அரிவாளைப் பூட்டுகிறோம். "கை எட்டவில்லையே" என்று ஆளைக் குறை சொல்வதில்லை; கருவியைத்தான் மாற்றுகிறோம். இங்கும் அதே கதைதான்.

உட்கார்ந்திருப்பவரின் கை தாழ்ந்திருக்கும். முழங்கால் இடையில் இருப்பதால் பந்தும் தள்ளியே இருக்கும். ஆகவே மட்டையின் தண்டு தரைப்பக்கம் அதிகமாகச் சாயும். நின்று ஆடுபவரின் மட்டையை அவரிடம் கொடுத்தால், தலையின் தண்டுப் பக்கம் மண்ணில் இடிக்கும், நுனி தூக்கிக்கொள்ளும். வலக்கைக்காரர் அடித்த பந்து இடப்பக்கம் ஓடிவிடும். அதனால்தான் தலையும் தண்டும் சேரும் கோணத்தைத் தாழ்த்துகிறார்கள். காய்ச்சி அடித்த இரும்புத் தலை ஓரளவு வளைந்து கொடுக்கும்; அச்சில் வார்த்தது உடைந்துபோகலாம். ஆகவே இது கைதேர்ந்தவர் செய்ய வேண்டிய வேலை.

நீளத்தை ஆளை உட்காரவைத்து அளந்தே முடிவு செய்ய வேண்டும். காலின் பலமும் இடுப்பின் சுழற்சியும் கிடைக்காது; தோளும் கையும்தான் துணை. எனவே இலேசான, வளைந்து கொடுக்கும் தண்டு உதவும். பிடி தளர்ந்த கைக்குப் பருத்த கைப்பிடி வேண்டும்.

ஆட்ட விதியும் இறங்கி வந்திருக்கிறது. உடற்குறை உள்ளவர்களுக்கான மாற்றங்கள் 2023 முதல் கோல்ப் விதிகளிலேயே 25-ஆம் விதியாகச் சேர்க்கப்பட்டுள்ளன. சக்கர நாற்காலியில் ஆடுபவரின் பந்து மணல் குழியில் ஆட முடியாதபடி கிடந்தால், அதைக் குழிக்கு வெளியே எடுத்து வைக்கலாம். மற்றவர்களுக்கு அதற்கு இரண்டு அடி தண்டனை, அவருக்கு ஒன்றுதான்.

நம் வீட்டில் எப்படி?

மோட்டார் சைக்கிள் விபத்திலோ வேலையிடத்திலோ அடிபட்டவரை, "பாவம், இனி என்ன செய்யப் போகிறார்?" என்று மூலையில் உட்காரவைத்து விடுகிறோம். சோறு போடுகிறோம், வேலை எதையும் கொடுப்பதில்லை. அவர் உடைந்துபோவது அங்கேதான்.

சொக்சோ சந்தா கட்டிய தொழிலாளர்களுக்காக, துன் ரசாக் மறுவாழ்வு மையம் 2014-இல் நம் மலாக்காவிலேயே திறக்கப்பட்டது. உடலியக்கச் சிகிச்சை, செயற்கை உறுப்பு, மீண்டும் வேலைக்குத் திரும்பப் பயிற்சி எல்லாம் அங்கே உண்டு. சொக்சோ அலுவலகத்தில் விசாரியுங்கள். "இவரால் முடியுமா?" என்று கேட்காதீர்கள். "இவர் கைக்கு எந்தக் கருவி பொருந்தும்?" என்று கேளுங்கள்.

அது கோல்ப் மட்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தையல் இயந்திரமாக இருக்கலாம், மண்வெட்டியாக இருக்கலாம். பிடியைக் கொஞ்சம் மாற்றிக் கொடுத்துப் பாருங்கள்!