கல்லாப்பெட்டிக்குள் போன உறை

கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் சேலைக்கடையோ நகைக்கடையோ, நீங்கள் எங்கே வேலை பார்த்தாலும் மணவிலக்கு மனு அங்கேயே தேடி வரலாம். வாடிக்கையாளர் பார்க்கிறார்களே என்ற கூச்சத்தில் உறையைப் பிரிக்காமல் கல்லாப்பெட்டிக்குள் தள்ளிவிடுவோம். கையெழுத்துப் போட்டால் சம்மதித்ததாகிவிடும் என்று வாங்கவே மறுப்பவர்களும் உண்டு. பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து சம்மதம் ஆகாது. வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் ஆபத்து. நீங்கள் வராவிட்டாலும் வழக்கு நடக்கும். வீடு, பிள்ளை, ஜீவனாம்சம் எல்லாம் எதிர்த்தரப்பு சொன்னதை மட்டும் கேட்டு முடிவாகலாம்.

முதலில் எந்த நீதிமன்றம் என்று பாருங்கள். முஸ்லிம் தம்பதிக்கு ஷரியா நீதிமன்றம். அதன் அனுமதியில்லாமல் தலாக் சொல்வதே குற்றம். வாட்ஸ்அப்பில் வந்த தலாக் செல்லுமா என்பதையும் அந்த நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களுக்கு உயர் நீதிமன்றம், 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம்.

இடையில் ஒருவர் மதம் மாறினால்? சுபாஷினி வழக்கை மறக்க முடியாது. கணவர் சரவணன் 2006 மே மாதம் இஸ்லாத்தைத் தழுவி, ஷரியா நீதிமன்றத்துக்குப் போனார். சுபாஷினி ஆகஸ்ட் 4ஆம் தேதி உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டார். 2007 டிசம்பர் 27இல் கூட்டரசு நீதிமன்றம், சிவில் திருமணத்தை முறிக்கும் அதிகாரம் சிவில் நீதிமன்றத்துக்கு உண்டு என்றது. ஆனால் அன்றைய சட்டப்படி மதமாற்றத்துக்குப் பின் மூன்று மாதம் பொறுக்க வேண்டும். இரண்டு வாரம் முந்திவிட்டார் என்று அவர் மனு நிற்கவில்லை. பாருங்கள், இத்தனை பெரிய வழக்கு நாள்கணக்கில் சறுக்கியது! 2018 டிசம்பர் 15 முதல், மதம் மாறியவரும் சிவில் நீதிமன்றத்திலேயே மணவிலக்குக் கேட்கலாம்.

உங்கள் கெடுவும் நாள்கணக்கில்தான். அது மனுவோடு வரும் அறிவிப்பிலேயே இருக்கும். பிரிவதில் உங்களுக்கு ஆட்சேபம் இல்லாமல் இருக்கலாம். அதற்காக மனுவில் கேட்ட எல்லாவற்றுக்கும் தலையாட்ட வேண்டியதில்லை. மறுப்பு எழுதலாம், எதிர்மனுவும் போடலாம். வீடு கணவர் பெயரில் இருந்தாலும் சமைத்து, பிள்ளை வளர்த்த உழைப்பையும் நீதிமன்றம் கணக்கில் எடுக்கும். 7 வயதுக்குக் கீழான பிள்ளை தாயிடம் இருப்பதே நல்லது என்று சட்டம் கருதுகிறது. தகுந்த காரணம் காட்டி அதை எதிர்க்கவும் இடமுண்டு.

ஒருதலையான மனுவுக்கு முன் பொதுவாக தேசியப் பதிவு இலாகாவில் சமரசப் பேச்சு நடக்கும். போகாமல் இருந்தால் மணவிலக்கு நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். வேண்டுமென்றே வராதவருக்காகச் சட்டம் காத்திருக்காது.

“ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும், இங்க சைன் போடு” என்று கூட்டுமனுவை நீட்டினால் நிதானம் தேவை. மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதை, அவர் வைத்த லாயர் அல்லாத வேறொருவரிடம் வரிவரியாகக் கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள். வருமானம் குறைவென்றால் அரசின் சட்ட உதவி இலாகா இருக்கிறது. சிவில், ஷரியா இரண்டுக்கும் உதவும். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் கோலாலம்பூரில் உண்டு.

போகும்போது திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வீட்டுக் கடன் தாள், கூடவே அந்த உறை. கைக்கு வந்த தேதியை அதன்மேல் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.