தேர்வாளரைத் தேர்ந்தெடுப்பவர் யார்?

நம் ஆரணியில் நெய்து முடித்த பட்டுச் சேலையைச் சங்கத்துக்கோ முதலாளி வீட்டுக்கோ கொண்டு போனால், முதலில் எடை போடுவார்கள். வாங்கிச் சென்ற பட்டும் ஜரிகையும் கணக்குப்படி வந்தனவா, நெசவில் குறை உண்டா என்று பார்த்த பிறகே கூலி. எடை போடுகிறவர் நேர்மையானவர் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் நெசவாளர் என்ன செய்வார்?

இன்று நம் தறி வீடுகளில் வேறோர் எடையையும் நம்பியிருக்கிறார்கள். வேலை போக மிச்ச நேரத்தில் நம் அக்காமார் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறார்கள். பத்தாம் வகுப்புத் தேறியவர் எழுதலாம், எழுதுவோரோ லட்சக்கணக்கில்! அவர்களை எடை போடுவது தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம். 1929-இல் சென்னை மாகாணத்தில் தோன்றிய ஆணையமே இதன் மூலம். இந்திய மாகாணங்களில் அதுவே முதலாவது என்பது நமக்குப் பெருமை.

ஆணையத்தின் தலைவரையும் உறுப்பினரையும் ஆளுநர் நியமிப்பார் என்கிறது அரசியலமைப்பின் 316-ஆம் பிரிவு. நடைமுறையில் பெயர்களைத் தருவது மாநில அரசு. ஏறத்தாழப் பாதிப் பேர் பத்தாண்டு அரசுப் பணி புரிந்தவராக இருக்க வேண்டும். மற்றவர்க்கு என்ன தகுதி? அங்கே ஒன்றும் எழுதவில்லை. பதவியேற்ற பின்போ பாதுகாப்பு பலமானது. 6 ஆண்டுகள், அல்லது 62 வயது வரை பதவி. முறைகேட்டுக்காக நீக்குவதென்றால் உச்ச நீதிமன்றம் விசாரித்துச் சொல்ல, குடியரசுத் தலைவரே நீக்க முடியும். அரசுக்கு அஞ்சாமல் பணியாற்றட்டும் என்றே இந்த ஏற்பாடு. தகாதவர் ஒருவர் உள்ளே வந்துவிட்டால் அதே காவல் அவருக்கும் கிடைக்குமே!

2016 ஜனவரி 31 அன்று தமிழக அரசு 11 உறுப்பினர்களை ஒரே சமயத்தில் நியமித்தது. சட்டமன்றத் தேர்தலுக்குச் சில மாதங்களே இருந்தன. பலர் ஆளுங்கட்சிக்கு வேண்டியவர்கள் என்று கூறி எதிர்க்கட்சியினர் வழக்குத் தொடுத்தனர். டிசம்பர் 22 அன்று சென்னை உயர் நீதிமன்றம் 11 நியமனங்களையும் ரத்து செய்தது. நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது தேர்ந்தெடுத்த முறையை. தகுதியையும் நேர்மையையும் ஆராய்ந்து பெயர்களைப் பரிசீலித்ததாகக் காணோம் என்பதே குறை. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பில் தலையிட மறுத்தது. பஞ்சாப் தேர்வாணையத் தலைவர் வழக்கில், சட்டத்தில் எழுதாவிட்டாலும் நேர்மையும் திறமையும் இன்றியமையாதவை என்று 2013-லேயே அது கூறியிருந்தது.

கட்சியில் இருந்தது குற்றமா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதமே நடந்தது. காமராஜரும் கட்சிக்காரர்தாமே என்றாள் ஒரு தோழி. குற்றமில்லை என்றே நாங்களும் முடிவு செய்தோம். ஆனால் தேர்தலில் உழைத்ததற்குக் கூலியாகப் பதவி தருவது வேறு. அந்தக் கூலியைத் தருவது கட்சியன்று, நாம்.

இங்கிலாந்தில் அரசு வாரிய நியமனங்களைக் கண்காணிக்க 1995 முதல் ஓர் ஆணையர் உண்டு. காலியிடத்தை விளம்பரம் செய்து, விண்ணப்பம் பெற்று, ஒரு குழு நேர்முகம் காண்கிறது; முடிவில் தேர்ந்தெடுப்பவர் அமைச்சரேயாயினும், யார் யாரிலிருந்து தேர்ந்தெடுத்தார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொன்னோம். "எனக்கு விளம்பரம், விண்ணப்பம், ஹால் டிக்கெட், சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் உண்டு. அவர்களுக்கு எதுவுமே இல்லையா?" என்று கேட்டார்.