நோய்நாளின் கூலி

ஜேர்மனியில் வேலை செய்பவர் நோயுற்றால் முதல் ஆறு வாரங்களுக்கு முதலாளி முழுச் சம்பளத்தையும் கொடுக்கவேண்டும். எம்மவரிற் பலர் இதனை முதலாளியின் இரக்கம் என்றோ வளர்ந்த நாட்டின் பெருந்தன்மை என்றோ விளங்கிக்கொள்கிறார்கள். ஆகவேதான் காய்ச்சலோடு குசினிக்குப் போவதை விசுவாசம் என நினைக்கவும் முடிகிறது. இவ்வுரிமை வந்த வழியில் பெருந்தன்மைக்கு இடமிருக்கவில்லை.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் அலுவலக ஊழியருக்கு இந்த ஆறு வாரச் சம்பளம் இருந்தது; ஆலைத் தொழிலாளிக்கு இல்லை. அவருக்கு முதல் மூன்று நாட்கள் எதுவுமில்லை. பிறகு காப்புறுதியிலிருந்து கூலியின் பாதி. தடிமன் ஒன்றுதான்; மேசைக்கு ஒரு நீதி, பட்டறைக்கு ஒரு நீதி. 1956 ஒக்ரோபரில் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்ரைன் மாநிலத்தின் கப்பல்கட்டும் தளங்களிலும் உலோக ஆலைகளிலும் ஐ.ஜி. மெற்றால் தொழிற்சங்கம் வேலைநிறுத்தத்தில் இறங்கியது. அது குளிர்காலம் முழுவதும், 1957 பெப்ரவரி வரை, 114 நாட்கள் நீடித்தது. அவ்வாண்டே வந்த சட்டம், காப்புறுதிப் பணத்தோடு சேர்த்து நிகரக் கூலியின் 90 வீதம் வரும்படி முதலாளியை ஈடுசெய்ய வைத்தது. அலுவலக ஊழியருக்குச் சமமான உரிமை 1970 ஜனவரியில்தான் கிடைத்தது. (இடையில் 1958 இல், வேலைநிறுத்தம் செய்த சங்கமே நட்டஈட்டுக்குப் பொறுப்பு எனத் தொழில் நீதிமன்றம் தீர்ப்பளித்த கதையும் உண்டு.)

1996 இல் ஹெல்முட் கோல் அரசு இதனை 80 வீதமாக வெட்டியது. முழுச் சம்பளம் வேண்டுமானால் ஐந்து நோய்நாட்களுக்கு ஒரு விடுமுறை நாளை விட்டுக்கொடுக்கலாமாம்! வாகன, உலோக ஆலைத் தொழிலாளர் வீதிக்கு இறங்கினர். கூட்டு ஒப்பந்தங்களின் மூலம் 100 வீதத்தைக் காப்பாற்றியும் கொண்டனர். வெட்டு முழுதாக விழுந்தது சங்கமோ ஒப்பந்தமோ இல்லாத இடங்களில்தான். எம்மவரிற் பெரும்பாலோர் நின்றதும் அங்கேதான். 1999 ஜனவரியிலிருந்து ஷ்றோடர் அரசு 100 வீதத்தை மீட்டது. ஆனால் 1996 இல் நுழைந்த இன்னொரு விதி அப்படியே இருக்கிறது: புதிய வேலையின் முதல் நான்கு வாரங்களில் முதலாளி எதுவும் கொடுக்கத் தேவையில்லை. அப்போது காப்புறுதி கொடுக்கும். மினியொப் மட்டும் செய்பவருக்கு அதுவும் இல்லை.

நான்கு வாரம் கடந்தால் மினியொப் செய்பவருக்கும் ஆறு வார உரிமை உண்டு. இதனை அறியாதவர் ஏராளம். அறிந்தும் சொல்லாத முதலாளிகளும் குறைவல்ல. ஆறு வாரம் முடிந்ததும் மருத்துவக் காப்புறுதி மொத்தச் சம்பளத்தின் 70 வீதத்தை, நிகரச் சம்பளத்தின் 90 வீதத்தைத் தாண்டாமல், கொடுக்கிறது. ஒரே நோய்க்கு மூன்று ஆண்டுகளுள் 78 வாரங்கள் எல்லை. முதலாளி கொடுத்த வாரங்களும் இதற்குள் அடங்கும்.

'சின்னக் கடை, கட்டுபடியாகாது' என்ற பேச்சு எம்மவர் கடைகளிலும் கேட்கிறது. 30 பேர் வரை வேலைசெய்யும் நிறுவனங்கள் இதற்கென ஒரு பொது நிதிக்குக் கட்டுப்பணம் செலுத்துகின்றன. நோய்க்காலச் சம்பளத்தில் 80 வீதம் வரை அந்நிதியிலிருந்து திரும்பப் பெறலாம். உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பத்திரத்தில் நான்கு மணித்தியாலம், குசினியில் பத்து மணித்தியாலம் என்றிருந்தால், நோயில் விழும் நாளில் மீதி ஆறையும் நிரூபிக்கும் சுமை தொழிலாளியின் தலையில்.

நோய்க்காலத்தில் வேலையிலிருந்து நிறுத்தவே முடியாது என்றொரு நம்பிக்கையும் உலவுகிறது. நிறுத்தலாம். ஆனால் நோயைக் காரணமாக வைத்து நிறுத்தினால் ஆறு வாரச் சம்பளக் கடப்பாடு நீங்காது. நீக்கத்தை எதிர்க்க விரும்புபவர், கடிதம் கிடைத்து மூன்று வாரங்களுக்குள் தொழில் நீதிமன்றத்தில் வழக்குப் பதியவேண்டும்; படுக்கையில் கிடந்தாலும் அந்த மூன்று வாரம் ஓடிக்கொண்டேயிருக்கும்.